பாட்டில் ராக்கெட் பறக்கப் போகுது!

குட்டீஸ்! நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? தோவாளை, ஆரல்வாய்மொழி தாண்டியதும் முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் எண்ணிக்கொண்டு போவார்கள். அடுத்த முறை போகும்போது காற்றாலைகளைக் கொஞ்சம் மறந்துவிட்டு, இடது பக்கம் மலையைப் பாருங்கள். உயரமாக நிற்கிறதே, அதுதான் மகேந்திரகிரி.

அந்த மலையின் அடிவாரத்தில், திருநெல்வேலி மாவட்ட எல்லைக்குள், இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் இடம். நிலாவில் இறங்கிய சந்திரயான்-3 ஞாபகம் இருக்கிறதா? அதைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் இன்ஜினை 2023 பிப்ரவரி 24-ல் இங்கேதான் இயக்கிப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம்? வெறும் 25 விநாடி! இன்ஜின் ஒரு அங்குலம்கூடப் பறக்கவில்லை. பறக்க விடாமல் பலமான இரும்புச் சட்டத்தில் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள்.

"பறக்க வேண்டியதை ஏன் கட்டிப்போட வேண்டும்?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. இன்றைக்கு நாம் ஒரு ராக்கெட் செய்து பறக்கவிடப் போகிறோம். அதையும் முதலில் கட்டித்தான் போடப் போகிறோம். அப்போது பதில் தானாகத் தெரிந்துவிடும்.

தம்ளர் அகல ராக்கெட்!

நாகர்கோவிலில் இருந்து மேற்கே போனால் சுமார் 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரம். அதை ஒட்டிய கடற்கரை ஊர் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு இந்த ஊருக்கு மிக அருகில் போகிறது. மேல் வானத்தை ஆராய இது அருமையான இடம். அதனால்தான் 1963 நவம்பர் 21-ம் தேதி இந்திய மண்ணில் இருந்து முதல் ஆய்வு ராக்கெட் இங்கிருந்து கிளம்பியது. அந்த ராக்கெட் அமெரிக்காவில் இருந்து வந்தது. விஞ்ஞானிகளுக்கு ஆபீஸ் எது தெரியுமா? ஊரில் இருந்த மாதா கோவில்! ராக்கெட்டின் முனைக் கூம்பை சைக்கிளில் வைத்துத் தள்ளிப் போகும் புகைப்படம் ஒன்று உண்டு. 1966-ல் எடுத்தது. பார்த்தால் தேங்காய் மூட்டை கொண்டு போகிற மாதிரிதான் இருக்கும்.

நாமே செய்த ராக்கெட் எப்போது பறந்தது? 1967 நவம்பர் 20. பெயர் ரோகிணி-75. அந்த 75 என்பது அதன் குறுக்களவு... மில்லிமீட்டரில்! அதாவது ஏழரை சென்டிமீட்டர். வீட்டில் காப்பி குடிக்கிற தம்ளரின் வாயை அளந்து பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். நாம் செய்யப் போகிற ராக்கெட்டுக்கு 2 லிட்டர் குளிர்பான பாட்டில் வேண்டும். அதன் குறுக்களவு சுமார் 11 சென்டிமீட்டர். ஆக, அகலத்தில் உங்கள் ராக்கெட்தான் பெரியது!

அமெரிக்கா போன்ற நாடுகளில் குட்டி ராக்கெட் செய்யும் பெட்டி கடைகளிலேயே கிடைக்கும். அட்டைக் குழாய், லேசான மரத்தில் வெட்டிய இறக்கை, சின்ன பாராசூட், மருந்து அடைத்த சின்ன மோட்டார் எல்லாம் உள்ளே இருக்கும். நமக்கு மருந்து வேண்டாம். ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். தீபாவளி வெடியைப் பிரித்து மருந்து எடுக்கிற வேலையை யாரும் செய்யக்கூடாது. விரல் போன பிள்ளைகள் உண்டு, கண் போன பிள்ளைகளும் உண்டு. நம் ராக்கெட்டுக்கு எரிபொருள் தண்ணீரும் காற்றும்தான். இரண்டும் இலவசம்!

வள்ளம் ஏன் பின்னால் போகிறது?

குளச்சலிலோ முட்டத்திலோ வள்ளத்தில் இருந்து ஒருவர் கரைக்குத் தாவுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் முன்னால் போவார், வள்ளம் பின்னால் நழுவும். அவர் வள்ளத்தைக் காலால் தள்ளுகிறார், வள்ளம் அவரைத் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான்.

ராக்கெட்டும் அப்படியே. பாட்டிலுக்குள் அடைத்த காற்று தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. தண்ணீர் கீழே பாய, பாட்டில் மேலே பாய்கிறது. 'அப்படியானால் வெறும் காற்றே போதாதா? தண்ணீர் எதற்கு?' என்று தோன்றும். குண்டு ஆள் தாவினால் வள்ளம் அதிகமாக நகருமா, ஒல்லி ஆள் தாவினாலா? குண்டு ஆள்தானே! காற்றைவிடத் தண்ணீருக்கு எடை அதிகம். அதை வெளியே தள்ளும்போது கிடைக்கிற எதிர்த்தள்ளலும் பலமாக இருக்கிறது. வெறும் காற்றை மட்டும் அடைத்தும் ஒரு தடவை விட்டுப் பாருங்கள். 'புஸ்' என்று கொஞ்ச தூரம் போய் விழுந்துவிடும்.

அதற்காகப் பாட்டில் முழுக்கத் தண்ணீர் நிரப்பினால் காற்றுக்கு இடம் ஏது? மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. இதில் இருந்து ஆரம்பியுங்கள்.

செய்யலாம் வாங்க!

பாட்டில் கண்டிப்பாகக் குளிர்பானமோ சோடாவோ இருந்ததாக இருக்க வேண்டும். அதைக் கேஸ் அழுத்தம் தாங்கும்படி செய்திருப்பார்கள். குடிதண்ணீர் பாட்டில் மெல்லியது, உதவாது. நசுங்கியது, கீறல் விழுந்தது, வெயிலில் பல நாள் கிடந்தது எல்லாம் குப்பைக்கு.

அடுத்து, பாட்டில் வாயில் இறுக்கமாக நுழைகிற ரப்பர் கார்க். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி ஒன்றை அந்தக் கார்க்கின் நடுவே ஏற்ற வேண்டும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஊசியின் நுனி கார்க்கின் மறுபக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்க்கைக் கொஞ்சம் குட்டையாக நறுக்கச் சொல்லுங்கள். சைக்கிள் பம்புக்கும் ஊசிக்கும் நடுவே குறைந்தது 5 மீட்டர் நீளக் குழாய் வேண்டும். சைக்கிள் கடை அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னால் பொருத்தித் தருவார். (அவரும் பார்க்க வருகிறேன் என்பார், பாருங்கள்!)

இனி இறக்கை. பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டை போதும். மூன்று இறக்கை, மூன்றும் ஒரே அளவு. சம தூரத்தில் ஒட்டுவது எப்படி? ஒரு காகிதப் பட்டையைப் பாட்டிலைச் சுற்றி வைத்து, சரியாக ஒரு சுற்று நீளத்துக்கு வெட்டுங்கள். அதை மூன்றாக மடியுங்கள். மறுபடி சுற்றினால் மடிப்பு வருகிற இடங்கள்தான் இறக்கைக்கான இடங்கள். இறக்கைகள் பாட்டிலின் வாய்ப்பக்கம் வர வேண்டும். ஏனென்றால் ராக்கெட்டுக்கு வாய்தான் வால்! அகலமான டேப்பால் இருபுறமும் ஒட்டுங்கள். சூடான பசை வைக்காதீர்கள், பாட்டில் இளகி அந்த இடம் பலவீனமாகிவிடும். ஆணி, ஊசி, ஸ்குரூ எதுவும் பாட்டிலில் படக்கூடாது.

பாட்டிலின் அடிப்பக்கம்தான் ராக்கெட்டின் மூக்கு. பழைய மெத்துப் பந்தைப் பாதியாக வெட்டி, உள்ளே எலுமிச்சம்பழ அளவு களிமண் வைத்து, அங்கே ஒட்டுங்கள். கூர்மையான மூக்கு அழகாக இருக்கும் என்று ஆசை வரும். வேண்டாம். விழும்போது அதுவே ஆபத்து.

'இதென்ன, லேசாக இருந்தால்தானே உயரப் பறக்கும்? களிமண் எதற்கு?' என்கிறீர்களா? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

கட்டிச் சுற்று!

தென்னை ஈர்க்கிலில் அம்பு செய்து விளையாடியிருக்கிறீர்களா? வெறும் ஈர்க்கிலை எய்தால் கரணம் அடித்து எங்கோ விழும். நுனியில் கொஞ்சம் களிமண் உருட்டி வைத்தால் நேராகப் போகும். ராக்கெட்டும் அந்த ஜாதிதான்.

பறக்கிற பொருள் எதுவானாலும், திரும்பும்போது தன் எடை மையத்தைச் சுற்றித்தான் திரும்பும். விரல் மேல் வைத்தால் எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ, அதுதான் எடை மையம். ராக்கெட் லேசாகச் சாய்கிறது என்று வையுங்கள். காற்று பக்கவாட்டில் மோதும். எடை மையத்துக்குப் பின்னால் பரப்பு அதிகமாக இருந்தால், காற்று வாலை அதிகமாகத் தள்ளும். வால் தன் இடத்துக்குப் போகும், மூக்கு மறுபடி நேராகும். முன்னால் பரப்பு அதிகமாக இருந்தாலோ கதை தலைகீழ். சாய்ந்தது மேலும் சாய்ந்து, ராக்கெட் குட்டிக்கரணம் போடும். அதனால்தான் எடை முன்னால், இறக்கை பின்னால்.

தீபாவளி ராக்கெட்டில் நீளமாக ஒரு குச்சி இருக்கிறதே, அதன் வேலையும் ராக்கெட்டை நேராக வைப்பதுதான். ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளின் ராக்கெட்டுகளில் இரும்புக் குழாயோடு நீண்ட மூங்கிலைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். 1780-ல் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் நடந்த சண்டையில் ஆங்கிலேயப் படை அவற்றிடம் நன்றாகவே மாட்டிக்கொண்டது.

சரி, உங்கள் ராக்கெட் நேராகப் பறக்குமா? பறக்கவிடாமலே கண்டுபிடிக்கலாம்! தண்ணீர் இல்லாத ராக்கெட்டை எடுங்கள். (தண்ணீர் ஒரு விநாடிக்குள்ளேயே காலியாகிவிடும். மீதிப் பயணம் முழுக்க வெறும் பாட்டில்தானே!) எடை மையத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிக் கட்டி, நழுவாமல் டேப் ஒட்டுங்கள். கயிறு 2 மீட்டராவது இருக்கட்டும். திறந்த இடத்துக்குப் போய், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தலைக்கு மேலே சுற்றுங்கள். மூக்கு முன்னால் வைத்து வட்டமடித்தால் பாஸ்! தட்டாமாலை சுற்றினாலோ, வால் முன்னால் வந்தாலோ ஃபெயில். இன்னும் கொஞ்சம் களிமண் வையுங்கள், அல்லது இறக்கையைப் பெரிதாக்குங்கள். மறுபடி சுற்றுங்கள். எத்தனை தடவை ஆனாலும் பாஸாகாமல் பறக்கவிடக் கூடாது. கோணலாகக் கிளம்புகிற ராக்கெட் வேடிக்கை பார்க்கிறவர் முகத்தை நோக்கியும் வரலாம்.

மகேந்திரகிரியில் இன்ஜினைக் கட்டிப்போடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? தரையில் தப்பு தெரிந்தால் திருத்தலாம். வானத்தில் தெரிந்தால்?

2010 ஏப்ரல் 15-ல் அப்படித்தான் ஆனது. நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் இன்ஜினோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. திரவ ஹைட்ரஜனை இன்ஜினுக்குத் தள்ளுகிற பம்ப் நின்றுவிட்டது. ராக்கெட் கடலில் விழுந்தது. அந்த ஹைட்ரஜன் எவ்வளவு குளிர் தெரியுமா? மைனஸ் 253 டிகிரி! அந்தக் குளிரில் பம்ப் சுழல வேண்டும், அதுவும் காற்றே இல்லாத உயரத்தில். விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? பம்பைத் திருத்தினார்கள். காற்றில்லாத உயரத்தில் இன்ஜின் பற்றுமா என்று மகேந்திரகிரியிலேயே வெற்றிடம் உண்டாக்கிப் பற்றவைத்துப் பார்த்தார்கள். 2013 ஆகஸ்ட்டில் மறுபடி ராக்கெட் தயார். கிளம்ப ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமே இருந்தபோது இரண்டாம் அடுக்கில் கசிவு. 'பரவாயில்லை, விடுவோம்' என்று யாரும் சொல்லவில்லை. நிறுத்திவிட்டார்கள். கடைசியில் 2014 ஜனவரி 5-ம் தேதி அது கிளம்பியது, செயற்கைக்கோளைச் சரியான பாதையில் கொண்டு சேர்த்தது.

இதைவிடப் பெரிய கிரையோஜெனிக் அடுக்கான சி-25-ஐ உருவாக்கும் திட்டத்துக்கு இயக்குநராக இருந்தவர் வி.நாராயணன். சந்திரயான்-3-ஐத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் மேலடுக்கு அதுதான். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவர் பொறுப்பை ஏற்றாரே, அவரேதான். ஊர் எது? நம் கன்னியாகுமரி மாவட்டத்து மேலகாட்டுவிளை!

பத்து... ஒன்பது... எட்டு...

கும்பப்பூ அறுவடை முடிந்த வயல், இல்லையென்றால் பள்ளி மைதானம். மின்கம்பி, ரோடு, ஓட்டு வீடு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அப்பாவோ, அம்மாவோ, ஆசிரியரோ கூட இருக்க வேண்டும். பம்ப் அடிப்பது அவர்கள்தான். நீங்கள் பத்து, பதினைந்து மீட்டர் தள்ளி நின்று எண்ணுங்கள்.

பாட்டிலில் 600 முதல் 700 மில்லி தண்ணீர் ஊற்றி, கார்க்கை இறுக்கிச் செருகி, தலைகீழாகத் திருப்புங்கள். மூன்று செங்கல்லை இடைவெளி விட்டு வைத்து, அவற்றின் மேல் மூன்று இறக்கைகளும் நிற்கட்டும். குழாய் நடுவே கீழாக வரட்டும். இனி பம்ப். உள்ளே குமிழி குமிழியாகக் காற்று ஏறுவது நன்றாகத் தெரியும். அழுத்தம் ஏற ஏறக் கார்க்கால் தாங்க முடியாது. 'டப்!' அவ்வளவுதான்... தண்ணீர் பீய்ச்சி அடிக்க ராக்கெட் மேலே! பம்ப் அடித்தவர் நனைந்தே தீருவார். நன்றாக அமைந்தால் தென்னைமர உயரத்தை எட்டிவிடும்.

அளவு காட்டும் மீட்டர் உள்ள பம்பாக இருந்தால் நல்லது. சைக்கிள் கடையில் 'பவுண்டு' என்பார்களே, அந்தக் கணக்கில் 40-ஐத் தாண்ட வேண்டாம். அதற்குள் கார்க் கழன்று வரவில்லை என்றால் ரொம்ப இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். யாரும் ராக்கெட் பக்கம் போய்க் குனிந்து பார்க்கக் கூடாது! பம்ப் இருக்கும் பக்கம் குழாயைக் கழற்றிவிடுங்கள், காற்று தானாக வெளியேறிவிடும். சைக்கிள் டியூப் வால்வைச் செருகாமல் பந்து ஊசியைச் சொன்னது இதற்காகத்தான். டியூப் வால்வு காற்றை உள்ளே விடும், திருப்பி விடாது.

விழும்போது எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டே இருங்கள். பிடிக்க ஓடாதீர்கள். அது கிரிக்கெட் பந்து இல்லை.

ஆனிக் காற்றும் ஆடிக் காற்றும்

நம் ஊரில் ராக்கெட் விடுகிறவர்களுக்கு ஒரு தனிப் பிரச்னை உண்டு. காற்று! ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கிற அடி தெரியும்தானே? முப்பந்தல் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், நமக்குத் திண்டாட்டம்.

மேற்கே இருந்து காற்று அடித்தால் ராக்கெட் எந்தப் பக்கம் சாயும்? 'கிழக்கே' என்றுதானே சொல்வீர்கள்? இல்லை! வேகமாக மேலே ஏறும்போது அது மேற்கு நோக்கி, காற்று வருகிற பக்கமே தலையைத் திருப்பும். பின்னால் இருக்கிற இறக்கைகளைக் காற்று கிழக்கே தள்ளுகிறது, அதனால் மூக்கு மேற்கே திரும்புகிறது. கட்டடங்களின் மேல் காற்றுத் திசை காட்டும் சேவல் பொம்மை இருக்குமே, அது காற்று வரும் பக்கம் மூக்கை நீட்டுவதும் இதே காரணத்தால்தான். வேகம் குறைந்து கீழே இறங்கும்போது காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். நீங்களே விட்டுப் பார்த்து, எங்கே விழுகிறது என்று குறித்து வையுங்கள். மரத்தின் இலை விடாமல் ஆடுகிற அளவு காற்று இருந்தால் அன்றைக்கு வேண்டாம். காலையில் வெயில் ஏறும் முன் முயற்சி செய்யலாம்.

பெரிய ராக்கெட்டுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஏவுகிற நாளில் வீசும் காற்றைக் கணக்கில் எடுத்து, அதற்கேற்ப ராக்கெட்டின் பாதையை மாற்றி அமைக்கும் முறையை இஸ்ரோவில் உருவாக்கியவர் கே.சிவன். அதனால் வருடத்தின் எந்த நாளிலும் ராக்கெட் விட முடிகிறது. நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளையில் விவசாயி வீட்டில் பிறந்து, தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்து, 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவராக இருந்தவர். இத்தனை காற்றடிக்கிற ஊரில் வளர்ந்தவருக்குக் காற்றைப் பற்றிச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

எவ்வளவு உயரம் போச்சு?

'அடேங்கப்பா, நூறு அடி இருக்கும்!' என்று எல்லாரும் சொல்வார்கள். நாம் அளந்துவிடுவோம். ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள கோணமானியின் நேர் விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டுங்கள். விளிம்பின் மையப் புள்ளியில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். ராக்கெட் கிளம்பும் இடத்தில் இருந்து சரியாக 20 மீட்டர் தள்ளி நின்று, ஸ்ட்ரா வழியாக ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். அது உச்சிக்குப் போனதும் நூலை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஸ்ட்ரா கிடையாக இருக்கும்போது நூல் 90-ல் நிற்கும். 45-ல் நின்றால், ராக்கெட் போன உயரம் நீங்கள் நிற்கும் தூரமேதான், 20 மீட்டர். அதோடு உங்கள் கண் இருக்கும் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். வேறு எண் வந்தால் 90-ல் இருந்து அதைக் கழித்து, கிராஃப் தாளில் 2 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று முக்கோணம் வரைந்து அளந்துவிடலாம்.

ஒரு நோட்டில் தண்ணீரின் அளவு, காற்று, உயரம் மூன்றையும் எழுதுங்கள். 400 மில்லி, 600 மில்லி, 1,000 மில்லி என்று மாற்றி மாற்றி விடுங்கள். ஒரே அளவுக்கு மூன்று தடவையாவது விட வேண்டும், ஏனென்றால் கார்க் ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் கழலாது.

ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். அந்தச் சமயத்தில் இஸ்ரோ மையங்கள் பள்ளி மாணவர்களுக்குப் போட்டிகள் நடத்துவது வழக்கம், நீர் ராக்கெட் போட்டியும் நடந்ததுண்டு. அறிவியல் ஆசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். போகும்போது கார்க்கை மறந்துவிடாதீர்கள், வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது!